பால் காய்ச்சாத அறை

தடாலென்று ஏதோ விழுந்தது. "ஐயோ அம்மாளாச்சி!" என்று ஒரு கூக்குரல் எழுந்தது. அதற்குப் பின்னால், குளத்துக் கட்டு உடைந்த மாதிரித் தண்ணீர் சீறுகிற சத்தம்.

விழுந்தது வாளி. கூவியது சறோஜினிதேவி. சீறிய தண்ணீர் குளியலறைச் சுவரிலிருந்து புறப்பட்டு நேரே அவளுடைய நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சுவரில் இருக்கவேண்டிய பைப் அவளுடைய வலக்கையில் இருந்தது.

"தேவி! என்னப்பா நடந்தது? கதவைத் திறவும்!" வெளியே அவளுடைய கணவர் வேதநாதன் இரண்டு கையாலும் கதவை இடித்தார்.

"சத்தம் போடாதையுங்கோ!" என்று அவள் உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். "ஒண்டுமில்லை! பைப் கழண்டு போச்சு!"

"அதுக்கேன் அம்மாளாச்சியைக் கூப்பிட்டனீர்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிற நிலையில் அவள் இல்லை. அவள் குந்தியிருந்தாள். எழும்ப முடியவில்லை. உள்ளதைச் சொன்னால் விஷயம் அவ்வளவுதான்.

இரண்டு வருடமாக அவளுக்கு முழங்கால் சரியில்லை. நடப்பாள், கைப்பிடி இருந்தால் படியும் ஏறுவாள். ஆனால் குந்தினால் எழும்பமாட்டாள். வவுனியா வீட்டில் அதற்காகவே கதிரையில் இருப்பதுபோல் இருக்கக்கூடிய கொமட் பூட்டியாயிற்று. வெளியே புறப்பட்டால்தான் பாடு. இன்று காலை பஸ் ஏறியதிலிருந்து அவள் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக் கக்கூஸை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். சரவணைக் கிராமத்துக்கு வந்து சேர்ந்து இந்த விருந்தினர் இல்லத்தின் பின்னறைக் கதவைத் திறந்தால், அங்கேயும் குந்தியிருக்கிற கக்கூஸ்தான். இனி அடக்கமுடியாது என்ற நிலையில், பைப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிடலாம் என்று ஒரு துணிச்சலில் இறங்கினாள். பாரம் விழுந்ததும் பைப் கழன்றுவிட்டது. விழுந்த அதிர்ச்சியில் வந்த காரியமும் ஆகவில்லை.

உருண்ட வாளியைக் காலால் இழுத்துக் கவிழ்த்து, அதில் ஒரு கையை ஊன்றி, கதவுக் கொண்டியை மறு கையால் பற்றி, அம்மாளாச்சியை இன்னும் மூன்று தரம் கூப்பிட்டு, ஒரு மாதிரி எழும்பிவிட்டாள். கதவு திறந்தபோது அவளோடு கூடவே தண்ணீரும் வெளியே வந்தது. அறையைக் கடந்து, நடைபாதையைக் கடந்து, முன் ஹோல் வரைக்கும் போனது.

வீட்டுக்காரி பிரியவதனி ஓடிவந்தாள். நாற்பது வயதிருக்கும், சுறுசுறுப்பான பெண். கணவர் கிளிநொச்சியில் வேலை. கிழமை முடிவில்தான் வருவார். வந்த வேகத்தில் கொல்லைப் பக்கம் ஓடித் தண்ணீர்த் தாங்கியின் பைப்பை அடைத்தாள். சீறல் அடங்கியது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. அடி பட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை. பைப் தன்பாட்டிலை கழண்டிட்டுது" என்றாள் சறோஜினிதேவி, பைப்பை அவளிடம் நீட்டியபடி.

அந்த நேரத்தில் சுவர் பேசியது.

"அக்கா! ஹோலுக்குள்ளை என்ன தண்ணி?"

வேதநாதன் திடுக்கிட்டு ஒரு கதிரையைப் பிடித்தார். மூலையில், கூரைக்குச் சற்றுக் கீழே, வெள்ளை நிறத்தில் ஒரு கமரா. அதற்குள்ளிருந்துதான் ஆண்குரல் வந்தது.

"பைப் உடைஞ்சு போச்சடா. நான் பாக்கிறன், நீ வேலையைப் பார்" என்று பிரியவதனி சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு இவர்களிடம், "தம்பி நிரோஜன். லண்டனிலை இருக்கிறான். நேரம் கிடைச்சால் இப்பிடித்தான், அங்கையிருந்து வீட்டைப் பாத்துக்கொண்டிருப்பான்" என்றாள்.

வேதநாதன் தொண்டையைச் செருமினார். சறோஜினிதேவிக்கு அந்தச் செருமல் தெரியும். மனுஷன் தந்திரத்தைத் தொடங்கப்போகிறார்.

தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்குத் துணை கைப்போன்தான். நயினாதீவு அம்மனுக்கு மகளின் பிரசவத்துக்கு வைத்த நேர்த்திக்கடன் ஒன்று தீராமல் கிடந்தது. விடியக் குறிகாட்டுவான் துறையில் முதல் படகைப் பிடிக்கவேண்டுமென்றால் தீவுப்பக்கம் ஓர் இரவு தங்கத்தான் வேண்டும். அவர் போனைத் தட்டித் தட்டி, மலிவு விலையில் அறை போட்டுத் தருகிற ஒரு தளத்தில் இந்த வீட்டைப் பாதி விலைக்குப் பிடித்தார். பிடித்த பிறகுதான் அந்த வீடியோவைப் பார்த்தார். கண்ணாடி போட்ட ஒரு பெடியன் அதில் சொன்னான்: மலிவாகப் போட்டவர்களுக்கு ஹோட்டல்காரர் ஒருவரும் விரும்பாத அறையைத்தான் தள்ளிவிடுவார்கள். அதனால் தளத்தை மட்டும் நம்பாமல் நேரே ஹோட்டலுக்கு ஒரு போன் எடுங்கள், இனிமையாகப் பேசுங்கள், அதிகாரம் பண்ணாமல் கேளுங்கள், பின்னேரமாகப் போங்கள், அப்போதுதான் எந்த அறை மிஞ்சும் என்று அவர்களுக்கே தெரியும்.

வேதநாதன் எல்லாவற்றையும் அப்படியே செய்தார். போன் எடுத்து, யாழ்ப்பாணத்தவருக்குத் தெரிந்த ஒரே இனிமையான பேச்சைப் பேசினார். "பிள்ளை சரவணையிலை ஆற்றை ஆள்? அம்மா எந்தப் பக்கம்? வேலணைச் சண்முகத்தாரைத் தெரியுமோ?" என்று யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் குடும்பம் என்பதையெல்லாம் கால் மணித்தியாலம் விசாரித்து, கடைசியில் "எங்களுக்கு நல்ல அறையாப் பாத்துத் தாங்கோ" என்று முடித்தார்.

சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்ல சறோஜினிதேவி விடவில்லை. "ஊர் பேர் தெரியாத ஆக்களிட்டை என்ரை கக்கூஸ் கதையைக் கதைச்சியளெண்டால் நான் இந்தப் பயணத்துக்கே வரமாட்டன்" என்று சத்தியம் வாங்கியிருந்தாள். தவிர, தளத்தில் போட்ட படத்திலே நீலத் தரையோடுகளும் பளபளக்கும் வெள்ளைக் கொமட்டும் தெளிவாகத் தெரிந்தன. பிறகென்ன பயம் என்று நினைத்துவிட்டாள்.

"பிள்ளை," என்று வேதநாதன் தேன் ஒழுகத் தொடங்கினார், "உங்கடை வீடு நல்ல வடிவான வீடு. இந்தக் காத்துக்கே காசு குடுக்கலாம். மேலை ஒரு அறை கிடக்குது போலை. ஒருத்தரும் இல்லையெண்டால் எங்களை அதிலை விடலாமே?"

"அது வாடகைக்கு விடுறேல்லை அங்கிள்."

"படத்திலை போட்டிருக்கிறது அந்த அறைதானே?"

பிரியவதனியின் முகம் சுண்டியது. "படம் பிடிக்க வந்த பெடியன் வடிவா இருக்குமெண்டு அதையும் சேத்துப் போட்டிட்டான். அது தம்பியின்ரை அறை. பக்கத்து அறையைத் துடைச்சுத் தாறன்."

"அங்கையும் இதே மாதிரிப் பாத்றூமோ?" என்று சறோஜினிதேவி, ஏதோ பொழுதுபோக்குக்குக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஓம் அன்ரி, இதே மாதிரித்தான். பைப் நல்லது."

சறோஜினிதேவி மேல்மாடிப் படியை அண்ணாந்து பார்த்தாள். வேதநாதனுக்குத் தேன் தீர்ந்துபோயிற்று. "படத்திலை ஒண்டு, கையிலை ஒண்டோ? இதென்ன நியாயம்?" என்று குரலை உயர்த்தினார். இனிமையாகக் கேளுங்கள் என்ற பெடியன், இனிமைக்கு மசியாவிட்டால் என்ன செய்வதென்று சொல்லிக் கொடுக்கவில்லை.

"நீங்கள் கொஞ்சம் வெளியிலை போய்க் காத்து வாங்குங்கோ" என்று அவரை முற்றத்துக்குத் தள்ளிவிட்டு, சறோஜினிதேவி உலர்ந்த சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு குசினிப் பக்கம் போனாள்.

பிரியவதனி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தாள். கோப்பையை நீட்டினாள். ஆவி பறக்கிற பால் தேத்தண்ணி. வேறு ஒரு நாளென்றால் சறோஜினிதேவி அதற்காக ஒரு மைல் நடந்து வந்திருப்பாள்.

"வேண்டாம் பிள்ளை."

"நல்லா நனைஞ்சு போனியள். குடியுங்கோ."

"இல்லை, பிறகு பாப்பம்."

"அப்ப சோடா ஏதும் எடுக்கட்டே?"

"ஐயோ, ஒண்டும் வேண்டாம்!"

பிரியவதனி கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்த விதத்திலே தேத்தண்ணி விளிம்பால் சிந்தியது.

"ஏன் அன்ரி, எங்கடை வீட்டிலை வாய் நனைக்க மாட்டியளோ?"

சறோஜினிதேவிக்கு முதலில் விளங்கவில்லை.

"வந்த நேரம் தண்ணி தந்தனான், தொடேல்லை. இப்ப தேத்தண்ணியும் வேண்டாம். அங்கிள் போனிலை ஆற்றை ஆள், எந்தப் பக்கம் எண்டு கால் மணித்தியாலம் துருவினவர். அப்பவே யோசிச்சனான். இந்தக் காலத்திலையும் இப்பிடி ஆக்கள் இருக்கினம்தானே. குடிக்க விருப்பமில்லாத வீட்டிலை படுக்க மட்டும் மேல்மாடி கேக்கிறியள்."

சறோஜினிதேவிக்கு முகமெல்லாம் கொதித்தது. தேத்தண்ணியை மறுப்பது இந்த மண்ணில் வெறும் மறுப்பு அல்ல என்பது அவளுக்குத் தெரியாததா? சாதி பார்த்து வாய் நனைக்காமல் எத்தனை வீடுகளில் எத்தனை பேரை நோகடித்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டு வளர்ந்தவள். தன் வெட்கத்தை மறைக்கப்போய், இந்தப் பெண்ணுக்கு எப்பேர்ப்பட்ட அவமானத்தைக் கொடுத்திருக்கிறாள்!

அவள் கோப்பையை எடுத்தாள். ஊதாமல், நிறுத்தாமல், சூடோடு சூடாக முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"பிள்ளை, இப்ப நான் சொல்லுறதை ஒருத்தருக்கும் சொல்லப்படாது. எனக்கு முழங்கால் ஏலாது. குந்தினால் எழும்ப ஏலாது. காலமை நாலு மணியிலையிருந்து நான் எங்கையும் போகேல்லை. அதுதான் தண்ணி குடிக்கப் பயம். உன்ரை பைப் தன்பாட்டிலை கழரேல்லை. நான்தான் பிடிச்சுத் தொங்கினனான். இப்ப நீ தந்த தேத்தண்ணியும் உள்ளுக்கை போயிட்டுது. இனி அம்மாளாச்சி விட்ட வழி."

பிரியவதனி அவளை ஒரு கணம் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். சறோஜினிதேவியும் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பது ஆபத்து என்று உணர்ந்து சட்டென்று நிறுத்தினாள்.

"இதைப் போனிலையே சொல்லியிருக்கலாமே அன்ரி! ஆஸ்பத்திரிப் பக்கம் என்ரை சிநேகிதியின்ரை வீட்டிலை கொமட் இருக்கு. அங்கை ஒழுங்குபண்ணித் தந்திருப்பன்."

"அது எவ்வளவு தூரம்?"

"ஓட்டோ பிடிச்சால் இருபது நிமிஷம்."

"அவ்வளவு தூரம் ஏலாது பிள்ளை."

பிரியவதனியின் பார்வை மேலே போனது, திரும்பி வந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள்.

"மேல் அறையைத் தர எனக்கு மனமில்லாமல் இல்லை அன்ரி. தம்பி அனுப்பின காசிலை கட்டினது. கட்டி மூண்டு வருசமாகுது. இன்னும் குடிபூரல் செய்யேல்லை. பால் காய்ச்சாத அறை. அவன் வந்து தன்ரை கையாலை காய்ச்சவேணும் எண்டு விட்டு வைச்சிருக்கிறன். ஒவ்வொரு வருசமும் ஆனித் திருவிழாவுக்கு வாறன் எண்டுவான். பிறகு லீவு கிடைக்கேல்லை எண்டுவான். இந்த ஆனிக்குக் கட்டாயம் வருவான். புதுச்சட்டிகூட வாங்கி மேலை வைச்சிருக்கிறன்."

இதைக் கேட்டதும் சறோஜினிதேவி பின்வாங்கினாள். அவசரம் உயிர் போகிற அவசரம்தான். ஆனாலும் பால் காய்ச்சாத புது இடத்தில், முதன்முதலாக நடக்கிற காரியம் அதுவா? அவளுக்கே மனம் இடம் கொடுக்கவில்லை.

"வேண்டாம் பிள்ளை. உன்ரை தம்பிக்குப் பொல்லாப்பு வரப்படாது. ஓட்டோவைக் கூப்பிடு."

பிரியவதனி போனை எடுத்தாள். ஆனால் ஓட்டோவைக் கூப்பிடவில்லை. தம்பியைக் கூப்பிட்டாள்.

திரையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் ஆண்முகம் வந்தது. பின்னால் கடைச்சாமான் பெட்டிகள் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. பிரியவதனி போனோடு மூலைக்குப் போய்க் குசுகுசுத்தாள். அவனுடைய குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"இதென்ன கேள்வி அக்கா? அந்த அம்மாவை உடனை மேலை கூட்டிக்கொண்டு போ!"

"பால் காய்ச்சேல்லையடா."

"அப்ப இப்ப காய்ச்சு."

"நீ இல்லாமலோ?"

"நான் வீடியோவிலை நிக்கிறன். அந்த அம்மா சுமங்கலிதானே? அவவின்ரை கையாலை காய்ச்சட்டும். நல்ல ராசியா இருக்கும்."

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டப்பந்தயம். பிரியவதனி காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஏற, வேதநாதன் ஒன்றும் விளங்காமல் விளக்கும் வெற்றிலையுமாகப் பின்னால் ஏற, சறோஜினிதேவி கைப்பிடியைப் பற்றி, பல்லைக் கடித்து, ஒவ்வொரு படியாக ஏறினாள்.

"தேவி, பாத்தீரே, பின்னேரமா வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு!" என்று வேதநாதன் பூரித்தார். "அந்தப் பெடியன் சொன்னது சரிதான்."

"ஒரு சொல் கதைச்சியளெண்டால் இந்தப் படியிலையே என்ரை மானம் போயிடும்" என்றாள் அவள்.

அறைக்கதவு திறந்தது. மெத்தையில் இன்னும் பிளாஸ்டிக் உறை. சுவரில் அலுமாரி, பூட்டுத் திறபடாமல். ஜன்னலுக்கு வெளியே பனைகளுக்கப்பால் கடல் மினுங்கியது. சறோஜினிதேவி கடலைப் பார்க்கவில்லை. நீல ஓடு பதித்த குளியலறையின் அந்தச் சின்னக் கதவைத்தான் பார்த்தாள்.

பிரியவதனி புதுச்சட்டியை வைத்து ஒரு போத்தல் பாலையும் சரிக்கப் போனாள்.

"எவ்வளவு விடுறாய்!" என்று சறோஜினிதேவி பதறினாள். "கொஞ்சம் விடு பிள்ளை, கொஞ்சம்! ஒரு சிரங்கை, ஒரு உள்ளங்கை அளவு பால் பொங்கினாலும் பொங்கினதுதான்!"

விளக்கேற்றி, பிள்ளையாரைக் கும்பிட்டு, அடுப்பை மூட்டினார்கள். போன் ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்றது. திரையில் நிரோஜன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பியபடி நின்றான். யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

பால் சும்மா இருந்தது. ஓரத்தில் ஒரு குமிழ் வந்தது. அதுவும் உடைந்து போயிற்று. சறோஜினிதேவி ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். வாழ்நாளில் எத்தனையோ வீட்டில் பால் காய்ச்சியிருக்கிறாள். இப்படி ஒரு சோம்பேறிப் பாலை அவள் கண்டதில்லை.

"ஊதி விடட்டோ?" என்று வேதநாதன் கேட்டார்.

"காஸ் அடுப்பை ஊதுவினமோ! பேசாமல் நில்லுங்கோ!"

லண்டனில் சிரிப்புக் கேட்டது. பிறகு பாலாடை மெல்லச் சுருங்கி, விளிம்பு விம்மி, வெள்ளை நுரை கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது.

"பொங்கிட்டுது! தம்பி, பாத்தியே? கிழக்காலை பொங்கிட்டுது!" பிரியவதனியின் குரல் தழுதழுத்தது.

"நல்லாயிரு ராசா! உன்ரை வீடு விளங்கவேணும்!" என்று சறோஜினிதேவி போனைப் பார்த்து இரண்டு கையாலும் வாழ்த்தினாள். வாழ்த்திய கை இறங்குவதற்கு முன்னால் அந்தச் சின்னக் கதவுக்குள் புகுந்து கொண்டியைப் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, உலகத்தின் மீது எந்தக் கோபமும் இல்லாத ஒரு பெண்ணாக அவள் எழும்பினாள். கொமட்டிலிருந்து எழும்புவது எவ்வளவு சுலபம்! வெளியே வேதநாதன் பையை எடுத்துவரக் கீழே இறங்குகிற செருப்புச் சத்தம் கேட்டது. சறோஜினிதேவி முகத்தைக் கழுவிக்கொண்டு கொண்டியில் கை வைத்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவும் தம்பியும் பேசுவது அப்படியே கேட்டது.

"இண்டைக்கு மட்டும்தான்டா. நாளைக்கு இவையள் போனவுடனை கழுவிப் பூட்டிவிடுவன். ஆனியிலை நீ வந்து திரும்ப ஒருக்காக் காய்ச்சு. ஐயரிட்டை நாளும் கேட்டு வைச்சிட்டன்."

"பூட்டாதை அக்கா. இனி வாற ஆக்களுக்குக் குடு. அந்த அம்மா மாதிரி எத்தினை பேர் கஷ்டப்படுதுகளோ."

"அப்ப நீ வந்தால் எங்கை படுக்கிறது?"

போனிலிருந்து ஏதோ பெட்டியை இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

"என்னடா பேசாமல் நிக்கிறாய்? இந்த முறையும் லீவு தரமாட்டினமோ? நான் வேணுமெண்டால் உன்ரை முதலாளியோடை கதைக்கட்டே? மூண்டு வருசமா இந்த அறையைத் துடைச்சுத் துடைச்சு வைச்சிருக்கிறன்டா. ஒரு பத்து நாள் வந்து படுத்திட்டுப் போனால் என்ன குறைஞ்சு போகுது உனக்கு?"

சறோஜினிதேவி கொண்டியை நீக்காமல் அப்படியே நின்றாள்.

"லீவு எண்டு சொன்னதெல்லாம் பொய் அக்கா, எனக்கு இஞ்சை இன்னும் விசாவே இல்லை, வெளிக்கிட்டனெண்டால் திரும்பி உள்ளுக்கை வர விடமாட்டாங்கள்."